ரைட்டிங்கில் 5.5: ஆங்கிலவழி எம்.எஸ். படிக்க ஜெர்மனியா, பிரிட்டனா?

ஆறுமுகில் கேட்டது:

வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போவேன். முதல் பதிவு இது.

மெக்கானிக்கல் முடிச்சுட்டு ரெண்டு வருஷமா டிசைன் வேலையில இருக்கேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். காலேஜ்ல புத்தகம் ஆங்கிலம். ஆனா சார் விளக்கறது தமிழ், நாங்க பேசிக்கிட்டது தமிழ், பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் பண்ணின ஆங்கிலம். போன மாசம் கம்ப்யூட்டர்ல ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங் 7, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 5.5. ஓவரால் 6.5.

கன்சல்டன்சியில "6.5 வந்துடுச்சே, அப்புறம் என்ன, அப்ளை பண்ணிடலாம்"னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. வேலையில ஒரு மெயில் எழுதவே அரை மணி நேரம் எடுத்துக்கறவன் நான்.

கேட்க வேண்டியது மூணு. இந்த 5.5ஐ வெச்சுக்கிட்டு அப்ளை பண்ணலாமா, இல்ல மறுபடி எழுதணுமா? ஜெர்மனியில நான் பார்த்து வெச்சிருக்கற கோர்ஸ் முழுக்க ஆங்கிலம், ஜெர்மன் தேவையில்லைன்னு போட்டிருக்கு. நிஜமாவே தேவையில்லையா? இதுக்குப் பதிலா பிரிட்டன் போனா மொழிப் பிரச்சினையே இருக்காதுன்னு கூட வேலை பார்க்கறவர் சொல்றார், அது சரியா? கிளாஸ்ல ஒண்ணும் புரியாம முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனோங்கற பயம்தான் அடியில இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

---

வழிப்போக்கன்:

கன்சல்டன்சி சொல்றதை விடுங்க. ஒவ்வொரு பல்கலைக்கழகப் பக்கத்துலயும் ஓவரால் எவ்வளவுன்னு போட்ட வரிக்குக் கீழேயே "எந்தப் பிரிவிலும் இதற்குக் குறையாமல்"னு இன்னொரு வரி இருக்கும். பாதிப் பேர் அதைப் படிக்கறதே இல்லை. அங்க 6.0னு இருந்தா உங்க அப்ளிகேஷன் அதோட நின்னுடும். டைப்பிங் வேகமா வரும்னா பிடிஇங்கற இன்னொரு ஆங்கிலத் தேர்வை முயற்சி பண்ணிப் பாருங்க, திருத்தறது பெரும்பாலும் கம்ப்யூட்டர். ஆனா நீங்க போற இடம் அதை ஏத்துக்குதான்னு முதல்ல பாருங்க.

---

கோடைத்தும்பி:

ஆறுமுகில் தம்பி, ஜெர்மனியில ஆங்கிலவழி எம்.எஸ்சி. முடிச்சுட்டு இங்கேயே வேலை பார்க்கறேன். படிக்கறப்ப ஒரு பேராசிரியர்கிட்ட ஹிவியா இருந்தேன். மாணவ உதவியாளரை இங்க அப்படித்தான் சொல்வாங்க. வேலை என்னன்னா, மத்த மாணவர்கள் கொடுக்கற ஆய்வக அறிக்கைகளை முதல்ல படிச்சு ஓரத்துல குறிப்பு எழுதிப் பேராசிரியர்கிட்ட கொடுக்கறது. அதனால ரைட்டிங்கைப் பத்தி நீட்டி முழக்கப் போறேன், பொறுத்துக்கணும்.

முதல்ல அந்த 6.5. நாலு பிரிவையும் கூட்டி நாலால வகுக்கறதுதான் ஓவரால். உங்க காதும் கண்ணும் சேர்ந்து கையைத் தூக்கி விட்டிருக்கு, அவ்வளவுதான். இது சேர்க்கைக் குழுவுக்கும் தெரியும், அதனாலதான் வழிப்போக்கன் சொன்ன அந்த ரெண்டாவது வரியைப் போடறாங்க. பிரிட்டன்ல இன்னொரு குழப்பம் உண்டு. மாணவர் விசாவுக்கு அரசாங்கம் கேட்கறது ஒவ்வொரு பிரிவுலயும் பி2 நிலை (மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படிப்படியா அளக்கற ஐரோப்பியக் கணக்கு). ஐஇஎல்டிஎஸ்ல அதுக்கு 5.5 போதும். ஏஜென்ட்கள் இதைக் காட்டி "5.5 ஓகே"ம்பாங்க. விசா கொடுக்கறவங்களுக்கு ஓகே. பல்கலைக்கழகம் அதுக்கு மேல கேட்டா விசா வரைக்கும் போகவே வழியில்லையே.

மறுபடி முழுத் தேர்வும் எழுத வேண்டாம். கம்ப்யூட்டர்ல எழுதினவங்களுக்கு ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதற வசதி, ஒன் ஸ்கில் ரீடேக், வந்திருக்கு. எல்லாப் பல்கலைக்கழகமும் அந்தச் சான்றிதழை ஏத்துக்கறதில்லை. மெயில் போட்டுக் கேளுங்க. மெயில் எழுத அரை மணி நேரம் ஆகுமே, பரவாயில்லை, அதுவும் பயிற்சிதான்.

தேர்வுல ரெண்டாவது டாஸ்க், அதான் 250 சொல் கட்டுரை, முதல் டாஸ்க்கைவிட ரெண்டு மடங்கு கணக்கு. வரைபடத்தை வர்ணிக்கறதுல நேரத்தை விட்டுட்டுக் கட்டுரையை அவசரமா முடிக்கறவங்கதான் பெரும்பாலும் 5.5ல நிக்கறாங்க. பயிற்சி நிலையங்கள்ல மனப்பாடம் பண்ண வைக்கற அந்த ரெடிமேட் வாக்கியங்களைத் தூக்கிப் போடுங்க. ஆயிரம் பேர் எழுதற அதே தொடக்கத்தைத் திருத்தறவர் அடையாளம் கண்டுக்க மாட்டாரா?

இது வரைக்கும் சொன்னது உள்ளே நுழையறதுக்கு. நுழைஞ்ச பிறகு கேட்கற ஆங்கிலம் வேற. ஐஇஎல்டிஎஸ் ஒரு தலைப்பைக் கொடுத்து உங்க கருத்தைக் கேட்குது. 40 நிமிஷம், கையில ஒரு ஆதாரமும் கிடையாது. நான் படிச்ச ரெண்டு வருஷத்துல அப்படி ஒரு தடவைகூட யாரும் என்னை எழுதச் சொல்லலை. இங்க கேட்கறது, நாலு ஆய்வுக்கட்டுரையைப் படி, எதுல ஒத்துப்போறாங்க, எங்க முரண்படறாங்கன்னு சொல்லு, உன் அளவீடு அதுல எந்தப் பக்கம் நிக்குதுன்னு காட்டு. ரைட்டிங்ல 8 வாங்கினவருக்கும் இது தன்னால வராது. நீங்க நினைக்கற அளவுக்குப் பின்தங்கி இல்லைன்னு இதைத்தான் சொல்றேன்.

நான் படிச்ச அறிக்கைகள்ல இலக்கணப் பிழைகள் மலிஞ்சிருக்கும். பேராசிரியர் அதைச் சுழிக்கக்கூட மாட்டார், அவர் எழுதற ஆங்கிலத்துலயும் பிழை இருக்கும். அவருக்குக் கோபம் வர்ற இடம் வேற. மூணே மூணு மாதிரியைச் சோதிச்சுட்டு "இது நிரூபிக்கிறது"ன்னு எழுதினா அந்தச் சொல்லை மட்டும் அழுத்தி அடிச்சுட்டு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுவார். "இருக்கலாம் எனத் தோன்றுகிறது", "இந்த வெப்பநிலை வரம்புக்குள் மட்டும்" மாதிரி, எவ்வளவு தெரியுமோ அந்த அளவுக்குச் சொல்றதுதான் அங்க நல்ல ஆங்கிலம். நம்ம ஊர்ப் பரீட்சைத்தாள்ல தயங்கி எழுதினா மார்க் போயிடும்னு பழகிட்டோம். அந்தப் பழக்கம் போகவே எங்க வகுப்புல பலருக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு.

அடுத்தது இன்னும் முக்கியம். தன் ஆங்கிலத்தைப் பத்திப் பயம் இருக்கறவங்கதான் கட்டுரையிலேர்ந்து வரியை எடுத்து, ரெண்டு சொல்லை மாத்திப் போடுவாங்க. ஏமாத்தணும்னு இல்லை. "அவர் எழுதினதைவிட நான் என்ன நல்லா எழுதிடப் போறேன்"ங்கற எண்ணம். அறிக்கை திடீர்னு ஒரு பத்திக்கு மட்டும் பளபளன்னு இருந்து, அடுத்த பத்தியில மறுபடி தடுமாறும். எனக்கே தெரிஞ்சது, சாஃப்ட்வேர் எதுக்கு? மேற்கோள் குறி போட்டு ஆதாரம் கொடுத்திருந்தா ஒண்ணுமில்லை. இல்லைன்னா அது திருட்டு, இங்க பாடத்துல ஃபெயில் ஆக்கிடுவாங்க. உங்க உடைஞ்ச ஆங்கிலத்துலேயே எழுதுங்க, அதுக்கு யாரும் தண்டனை கொடுக்கறதில்லை.

கிளாஸ்ல புரியாதுங்கற பயத்தை விட்டுடலாம். ஸ்லைடு எல்லாம் முன்னாடியே ஏத்திடுவாங்க. லிசனிங்ல 7 வாங்கின உங்களுக்கு அந்தப் பேராசிரியரோட உச்சரிப்பு பிடிபட ஒரு மாசம் போதும். கஷ்டம் குழு வேலையிலதான். அஞ்சு பேர், அஞ்சு நாடு. எங்க குழுவுல எனக்குப் புரியறதுக்கு ரொம்பச் சிரமமா இருந்தவர் யார் தெரியுமா, அமெரிக்காவுலேர்ந்து எக்ஸ்சேஞ்சுக்கு வந்தவர்! வேகம், பாதி வாக்கியத்துல ஒரு ஜோக், அவங்க ஊர் விளையாட்டுலேர்ந்து ஒரு சொலவடை. இந்தோனேசியப் பொண்ணும் துருக்கிக்காரரும் பேசினது தெளிவாப் புரிஞ்சது. ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க ஒருத்தருக்கொருத்தர் பார்த்துப் பேசுவாங்க. நீங்க கத்துக்க வேண்டியது ஒரே பழக்கம்: நடுவுல நிறுத்தி "நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?"ன்னு கேட்கறது. கேட்காம தலையாட்டறவங்க கைக்குக் கடைசியில ஸ்லைடு அழகுபடுத்தற வேலைதான் வரும். கணக்கீடு, வடிவமைப்பு எல்லாம் பேசினவங்களுக்குப் போயிடும். ஸ்பீக்கிங் 6 வாங்கினவர் இதுல கவனமா இருக்கணும்.

இப்ப ஜெர்மன். "தேவையில்லை"ன்னு போட்டிருக்கறது உண்மை, ஆனா அது சேர்க்கைக்கு. வெளிநாட்டவர் அலுவலகத்துலேர்ந்து வர்ற கடிதம், காப்பீட்டுக் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஜெர்மன். அதையாவது மொழிபெயர்ப்பு ஆப் வெச்சுச் சமாளிக்கலாம். வேலையைச் சமாளிக்க முடியாது. படிச்சுக்கிட்டே வாரத்துல சில நாள் வேலை பார்க்கற வெர்க்‌ஸ்டூடென்ட் இடங்களைத் தேடிப் பாருங்க. மென்பொருள்னா ஆங்கிலத்தோட ஓரளவு ஓட்டலாம். நீங்க மெக்கானிக்கல் டிசைன். நடுத்தர அளவுக் கம்பெனிகள்ல வரைபடக் குறிப்பு, தரக்கட்டுப்பாட்டு ஆவணம், பட்டறையில இருக்கறவர் பேசறது எல்லாமே ஜெர்மன். விளம்பரத்துல பி2 கேட்பாங்க. பட்டம் முடிச்சதும் வேலை தேட 18 மாசம் அனுமதி கொடுக்கறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்த 18 மாசத்துல சுழியத்துலேர்ந்து பி2க்கு வர்றதும் வேலை தேடறதும் ஒண்ணா நடக்கணும்னா மூச்சு முட்டும். கிளம்பறதுக்கு முன்னாடியே ஏ1, ஏ2 முடிச்சுட்டு வாங்க. செமஸ்டர் தொடங்கினதும் நேரம் இருக்காது.

என்னைக் கேட்டா நாட்டைத் தேர்ந்தெடுக்கறப்ப பாடம் எந்த மொழியிலன்னு பார்க்கறதைவிட, முடிச்சதும் வேலை எந்த மொழியிலன்னு பாருங்க.

---

இரவுப்பறவை:

பிரிட்டன் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அங்கே ஒரு வருட முதுகலை படித்தவன்.

மொழிப் பிரச்சினை இருக்காது என்பது வெளியே நடமாடும்போது உண்மை. வகுப்பில் அப்படி இல்லை. செப்டம்பரில் சேர்ந்தால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முதல் கட்டுரைகளைக் கொடுத்தாக வேண்டும்; கோடை முழுதும் ஆய்வேடு; ஒரே வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்ள இரண்டாம் வருடம் என்று ஒன்று கிடையாது. ஜெர்மனியில் இரண்டு வருடம் இருப்பது இந்த வகையில் பெரிய வசதி. பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மதிப்பெண் முறையும் அதிர்ச்சி தரும். 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். முதல் கட்டுரைக்கு எனக்கு 54 வந்தது. "விவரித்திருக்கிறாய், விமர்சிக்கவில்லை" என்று குறிப்பு. படித்ததை எல்லாம் அழகாகத் தொகுத்திருந்தேன், ஆனால் எது சரி, எது பலவீனம் என்று எங்கேயும் சொல்லவில்லை. கோடைத்தும்பி சொன்னதுதான்: அது இலக்கணம் சம்பந்தப்பட்டதல்ல.

உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று: பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ப்ரீ-செஷனல் என்று கோடையில் சில வாரப் படிப்பு நடத்துகின்றன. மதிப்பெண் சற்றுக் குறைந்தவர்களுக்கு, அதை முடித்தால் மறுதேர்வு இல்லாமலே இடம் தருவார்கள். செலவு தனி. ஆனால் கட்டுரை எழுதுவது, ஆதாரம் காட்டுவது, கருத்தரங்கில் பேசுவது இவற்றைத்தான் அதில் சொல்லித்தருகிறார்கள். என்னுடன் படித்தவர்களில் அதை முடித்து வந்தவர்கள் முதல் பருவத்தில் என்னைவிட நிதானமாக இருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவும் பட்டியலில் இருந்தால், 2024 மார்ச்சில் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் அளவை 5.5இலிருந்து 6.0 ஆக உயர்த்திவிட்டார்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வும் 2026 ஜனவரியில் 1 முதல் 6 வரையிலான அளவுக்கு மாறியிருக்கிறது. பழைய 120 மதிப்பெண் கணக்கில் எழுதிய யூடியூப் அறிவுரைகளை நம்ப வேண்டாம்.

---

ஏட்டுச்சுவடி:

ஒரு குறுக்குச் சால். ஆங்கிலம் பேசாத ஐரோப்பிய நாடுகளில் ஆங்கிலவழிப் படிப்புகள் 2001இல் 725, 2007இல் 2,389, 2014இல் 8,089 என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஏறியது இனி ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்காதீர்கள். மிலான் பாலிடெக்னிக் தன் முதுகலை, முனைவர் படிப்புகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்ற 2012இல் முடிவெடுத்தது. அங்குள்ள பேராசிரியர்களே வழக்குப் போட்டார்கள். இத்தாலிய மொழியை ஓரங்கட்டிவிட முடியாது என்று 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. டென்மார்க் 2021இல் ஆங்கிலவழி இடங்களைக் குறைக்க முடிவு செய்தது. நெதர்லாந்திலும் டச்சு மொழிக்கு முன்னுரிமை கேட்டுச் சட்டமுயற்சி நடந்தது. நூறு வருடத்துக்கு முன் வேதியியல் படிக்க ஜெர்மன் தெரிந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தது. இரண்டு உலகப்போர்களுக்கு இடையில் அது மாறியது. ஆக, எந்த மொழிக்கும் அந்த நாற்காலி நிரந்தரமாக எழுதிக்கொடுத்ததல்ல.

இதனால் யாருக்கு நஷ்டம் என்றும் பார்க்க வேண்டும். 2023இல் பிளாஸ் பயாலஜி இதழில் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடத்திய ஆய்வு வந்தது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகள் மொழியைக் காரணம் காட்டி நிராகரிக்கப்படுவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம். தம்பிக்கு மெயில் எழுத அரை மணி நேரம் ஆவது அவருடைய குறை மட்டுமல்ல என்பதற்காகச் சொன்னேன்.

---

ஆறுமுகில்:

எல்லாருக்கும் நன்றி. கோடைத்தும்பி அக்கா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ஜெர்மனின்னு முடிவு பண்ணிட்டேன், நாளைலேர்ந்து ஏ1 கிளாஸ் தேடறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். இப்பதான் ஏஐ எல்லாத்தையும் திருத்திக் கொடுக்குதே, ரைட்டிங்குக்கு இவ்வளவு பாடுபடணுமா? ஏட்டுச்சுவடி ஐயா சொல்றதைப் பார்த்தா நான் சேர்ந்த பிறகு கோர்ஸையே ஜெர்மனுக்கு மாத்திடுவாங்களா?

---

கோடைத்தும்பி:

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன அநியாயம் உண்மை, நானும் ஒத்துக்கறேன். ஆனா அது தீரற வரைக்கும் தம்பி காத்திருக்க முடியாது இல்லையா.

நடுவுல மொழி மாறும்னு பயப்பட வேண்டாம், சேர்ந்தவங்களைப் பாதியில கைவிடறதை நான் பார்த்ததில்லை. வேற ஒண்ணைப் பாருங்க. ஒவ்வொரு கோர்ஸுக்கும் மாடூல்ஹான்ட்புக்னு ஒரு பிடிஎஃப் இருக்கும். அதுல பாடவாரியா எந்த மொழியில நடத்தறாங்கன்னு போட்டிருக்கும். கட்டாயப் பாடம் எல்லாம் ஆங்கிலத்துல இருந்தாலும், விருப்பப்பாடப் பட்டியல்ல நல்லது பாதி ஜெர்மன்ல இருக்கறது உண்டு. உங்களுக்குப் பிடிச்ச துறைப் பாடம் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்க. கோர்ஸோட விளம்பரப் பக்கத்துல இது இருக்காது.

ஏஐ பத்தி. பிழை திருத்தத் தாராளமா வெச்சுக்கலாம், ஆனா விதியைப் பார்த்து. ஆய்வேட்டோட "இது என் சொந்த வேலை"ன்னு கையெழுத்துப் போட்ட பக்கம் ஒண்ணு இணைக்கணும். இப்ப பல துறைகள்ல எந்தக் கருவியை எதுக்குப் பயன்படுத்தினேன்னும் அதுல எழுதச் சொல்றாங்க. என் கவலை வேற. அந்த "நிரூபிக்கிறது" இருக்கே, அதை ஏஐ இன்னும் பளிச்சுன்னு எழுதிக் கொடுக்கும். மூணு மாதிரியைத்தான் சோதிச்சீங்கங்கறது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வேட்டைச் சமர்ப்பிச்சதும் எழுந்து நின்னு பேசறப்ப, இந்த வாக்கியத்துக்கு என்ன ஆதாரம்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.

கிளம்பற வரைக்கும் வாரத்துக்கு ஒரு ஆய்வுக்கட்டுரை, உங்க டிசைன் துறையிலேர்ந்தே எடுங்க. படிச்சு முடிச்சதும் அதை மூடி வெச்சுட்டு, என்ன செஞ்சாங்க, என்ன கிடைச்சது, உங்களுக்கு எங்க சந்தேகம்னு ஒரு பக்கம் எழுதுங்க. மூடி வெச்சுட்டுங்கறது முக்கியம், திறந்திருந்தா கை தன்னால அவங்க வரியை எழுத ஆரம்பிச்சுடும். எழுதி முடிச்ச பிறகு வேணும்னா ஏஐகிட்ட காட்டி எங்க பிழைன்னு மட்டும் கேளுங்க, திருத்தி எழுதித் தரச் சொல்லாதீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு அவசர வேலை. ஒன் ஸ்கில் ரீடேக்கை முதல் தேர்வு நடந்த நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ள எழுதணும். போன மாசம் எழுதினேன்னு சொல்றீங்க. தேதியைப் பாருங்க, பல்கலைக்கழகத்துக்கு அந்த மெயிலை இன்னிக்கே போடுங்க.